மாடி அறைகளில் ஏலம்

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே, மலைச்சரிவில் முதுகைச் சாய்த்தபடி நிற்கும் ஜலால் லாட்ஜில் பன்னிரண்டு அறைகள். கீழே ஆறு, மாடியில் ஆறு. அதை நடத்தும் குடும்பத்தில் சென்ற வாரம் ஒரு பேச்சு முடிவானது. வியாழக்கிழமை தேயிலை ஏலம் தொடங்கி முடியும்வரை மாடி அறைகளில் இணையம் அறுபடாமல் நின்றால் லாட்ஜ் குடும்பத்தின் கையிலேயே இருக்கும். அறுபட்டால், அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வரும் பெங்களூர் கம்பெனிக்காரரிடம் பத்து வருடக் குத்தகைக்குக் கையெழுத்து.

இதைச் சொன்னவர் லாட்ஜின் உரிமையாளர் ஜலாலுதீன். சொன்னதை அவர் மாற்றமாட்டார் என்பது மகள் சாதியாவுக்குத் தெரியும். மகன் இக்ராமுக்கும் தெரியும்.

அந்த வியாழக்கிழமை மழையோடு விடிந்தது.

அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் ஜலாலுதீனுக்கு வேலைகள் ஒரே வரிசையில்தான் நடக்கும். வாசல் கதவைத் திறப்பார். பதிவேட்டில் தேதி போடுவார். ஆறு மணிக்கு அறைகளின் கீசர்களுக்கான சுவிட்சைப் போடுவார். பத்திரிகையை விரிப்பார். காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை ஆறிலிருந்து எட்டு சுடுதண்ணீர் உண்டு என்று அவர் கையெழுத்திலேயே ஒரு பலகை படிக்கட்டின் அடியில் தொங்குகிறது. ஒவ்வோர் அறையிலும் ஒரு தொலைபேசி உண்டு. விருந்தினர்கள் அதை எடுத்தால் ரிசப்ஷனில் மணி அடிக்கும். முப்பத்தொரு வருடமாக அந்தத் தொலைபேசிகளில் வந்தவை பெரும்பாலும் ஒரே கேள்வி: சுடுதண்ணி எப்ப வரும்?

முந்தைய நாள் இரவு பத்து மணிக்கு நான்கு பேர் வந்து, மாடியில் அறை எடுத்து, அசதியில் உடனே தூங்கிப்போயிருந்தார்கள். நால்வரும் தேயிலை வாங்கும் சிறு வியாபாரிகள். ஒருகாலத்தில் ஏலம் ஒரு கூடத்தில் வாய்விட்டு நடந்தபோது, இந்த மாதிரி ஆட்களால்தான் லாட்ஜ் நிறைந்திருந்தது. ஏலம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகு அவர்கள் வருவது நின்றது. மாதிரித் தூளை ருசி பார்க்க மலையேறி வருகிறவர்களும் நல்ல இணையம் உள்ள பெரிய ஹோட்டல்களுக்குப் போனார்கள். அங்கே இரண்டு இரவு தங்கும் வாடகை, சின்ன வியாபாரிக்குக் கையைக் கடித்தது. கடித்தாலும் வேறு வழியில்லை.

ஜலால் லாட்ஜின் சுவர்கள் இரண்டடி அகலக் கருங்கல். பின்னால் மலை. அறைக்குள் நுழைந்தால் கைபேசியில் ஒரு கோடு சிக்னல்கூட நிற்காது.

சாதியா கோயம்புத்தூரில் ஓர் இணைய நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் நான்கு வருடம் இருந்தவள். இப்போது லவ்டேல் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை. எட்டரை பஸ்ஸில் போனால் ஆறரைக்குத்தான் வருவாள். பத்து நாள் முன்பு அவள்தான் பேசி லாட்ஜுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கினாள். ரிசப்ஷனில் ஒரு பெட்டி, மாடி நடையின் கூரையை ஒட்டிய மேல்தட்டுக்குள் ஒரு பெட்டி. மாடி அறைகள் ஆறுக்கும் இரண்டாவது பெட்டிதான் இணையம் தரவேண்டும்.

அறைக்கு நாளொன்றுக்கு நூறு ரூபாய் கூப்பன் வைக்கலாம் என்றான் இக்ராம். சுடுதண்ணீருக்குக் காசு வாங்குகிறோமா, இதற்கு மட்டும் எதற்கு என்று சாதியா கேட்டாள். ஜலாலுதீன் மகள் பக்கம் நின்றது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மற்றபடி பத்து நாளும் சண்டை. அவள் காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு நன்றாக வருகிறது என்பாள். அவர் பகல் பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டு ஒன்றுமே வரவில்லை என்பார். தனக்குப் பிடிக்காத காரியம் என்பதால் அத்தா வேண்டுமென்றே சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். தோற்றதை ஒப்புக்கொள்ள மகளுக்கு மனமில்லை என்று அவர் நினைத்தார்.

இன்று அவள் லீவு போட்டிருந்தாள்.

ஏழு மணிக்கு நான்கு அறைகளிலும் பார்த்தாள். பத்தாம் எண் அறையில் தங்கமணி தன் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார். கோபிசெட்டிபாளையத்தில் டீக்கடைகளுக்குத் தூள் போடுகிறவர். கணவர் இறந்தபின் வியாபாரத்தை எடுத்து நடத்தி ஆறு வருடம் ஆகிறது.

"ஜோரா ஓடுது கண்ணு. எங்கூட்டுலகூட இப்பிடி வராது" என்றார்.

சாதியா கதவை மெல்லச் சாத்திவிட்டுக் கீழே இறங்கினாள்.

எட்டே முக்காலுக்கு ஊட்டியிலிருந்து இக்ராம் வந்தான். ஊட்டி பஜாரில் கைபேசிக் கடை வைத்திருப்பவன். தோள்பையில் குத்தகைப் பத்திரம் இருந்தது. அம்மா ராபியா படுக்கைவிரிப்புகளைத் தோளில் சுமந்துகொண்டு மாடியேறுவதைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அத்தா, நான் லாட்ஜைத் தொலைக்கச் சொல்லல. நீங்களும் அம்மாவும் ஒரு நாளைக்கு இந்தப் படிய எத்தன தடவ ஏறி எறங்கறீங்க? அது மட்டும் சொல்லுங்க."

"ஏறறது நாங்க. உனக்கு ஏப்பா மூச்சு வாங்குது?"

"இப்பிடியே பேசிக்கிட்டு இருங்க."

"பன்னெண்டு மணி வரைக்கும் பேசலாம்ல. அதுக்கப்புறம் அந்தாளு பேசுவாரு."

ஒன்பது மணி. ஜலாலுதீன் சுடுதண்ணீர் நேரத்தை முடித்தார். பத்திரிகையை மடித்து வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஏலம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வியாபாரிகள் பத்து நிமிடம் முன்னதாகவே ஏலத் தளத்துக்குள் நுழைந்து காத்திருப்பார்கள்.

ஒன்பது ஐந்துக்கு ரிசப்ஷன் தொலைபேசி அடித்தது. பத்தாம் எண்.

"பாய், நெட்டு நின்னுபோச்சுங்க" என்றார் தங்கமணி.

ரிசீவரை வைப்பதற்குள் ஒன்பதாம் எண் அடித்தது. அதில் இருந்தவர் கோயம்புத்தூர் கருணாகரன். வாய்விட்டு ஏலம் கேட்ட காலத்திலிருந்து ஜலாலுதீனுக்குப் பழக்கம்.

"என்னுங்க பாய், பழைய ஞாவகத்துல ஏலத்த வாயிலயே கேட்டுக்கலாம்னு முடிவு பண்ணீட்டீங்களா?"

ஏழும் எட்டும் அடித்தன. நான்கு அறைகளிலும் ஒரே நேரத்தில் போயிருந்தது.

சாதியா ரிசப்ஷன் பெட்டியைப் பார்த்தாள். விளக்குகள் எல்லாம் பச்சை. கீழே இணையம் நன்றாக ஓடியது. மாடிக்கு ஓடி, ஸ்டூல் போட்டு, நடையின் மேல்தட்டுப் பலகையை விலக்கினாள். உள்ளே இருந்த பெட்டியில் ஒரு விளக்கும் இல்லை. அடாப்டரைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது.

அடாப்டர் எரிந்துபோயிருக்கும் என்று நினைத்தாள். கீழே இருந்த இன்னொன்றை எடுத்து வந்து மாட்டினாள். அப்போதும் விளக்கு வரவில்லை.

நால்வரும் கதவைத் திறந்து நடையில் வந்து நின்றார்கள். இக்ராமும் ஏறி வந்திருந்தான். ஒரு யோசனை சொன்னான். கீழே நன்றாக வருகிறது, ரிசப்ஷனில் நாலு நாற்காலி போடுகிறேன், அங்கே உட்கார்ந்து ஏலம் கேளுங்கள்.

அவன் சொன்னது உதவி செய்யும் எண்ணத்தில்தான். ஆனால் நால்வரும் அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போலிருந்தது.

பழைய கூடத்தில் யார் என்ன விலை கேட்கிறார்கள் என்பது எல்லோருக்கும் காதில் விழும். இப்போது திரையில் விலை மட்டும்தான் தெரியும். கேட்பது யாரென்று தெரியாது. எந்தத் தூளை எதுவரை கேட்கப்போகிறோம் என்பதை ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதி வைத்திருப்பார்கள். அந்தத் தாளை இன்னொரு வியாபாரி பார்த்துவிட்டால் அன்றைய பிழைப்பு போய்விடும். அறையும், அறைக்கு ஒரு கதவும், கதவுக்குள்ளே இணையமும் வேண்டும் என்று அவர்கள் கேட்பது அதனால்தான்.

"தம்பி, உங்க கடைக்கு எதுத்த கடைக்காரனப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு, நீங்க சரக்கு என்ன வெலைக்கு எடுக்கறீங்கன்னு சத்தமா சொல்லுவீங்களா?" என்று கேட்டார் தங்கமணி.

"நான் வேணும்னா கண்ண மூடிக்கறனுங்க" என்றார் கருணாகரன்.

"நீங்க ஒரு கண்ணத்தான் மூடுவீங்க. எனக்குத் தெரியாதா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். சாதியாவால் சிரிக்க முடியவில்லை. ஒன்பது இருபத்தெட்டு.

பெரிய ஹோட்டலுக்குப் போய்விடலாமா என்று ஏழாம் எண்காரர் மெல்லக் கேட்டார். மழையில் வண்டி பிடித்து மேலே போய் அறை போட்டு உட்கார்வதற்குள் பத்தாகிவிடும் என்று கணக்குப் போட்டார் கருணாகரன். ஆனாலும் தங்கமணி பையில் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார். கோபித்துக்கொண்டு வைக்கவில்லை. அதுதான் சாதியாவுக்கு அதிகமாக வலித்தது.

நடையின் ஜன்னலருகே நின்று, பெட்டிகளை மாட்டிக் கொடுத்த எலக்ட்ரீஷியன் ஜினோவைக் கைபேசியில் கூப்பிட்டாள். அவன் ஊர் கூடலூர், பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். பத்து நாள் முன்பு காலை ஏழு மணிக்கு வந்து, எட்டரைக்குள் முடித்து, ஊர் பஸ் ஏறியவன். இப்போது புறப்பட்டாலும் மூன்று மணி நேரம் ஆகும்.

"பெட்டிக்குக் கரண்டு எங்கிருந்து எடுத்தீங்க ஜினோ?"

"தட்டுக்குள்ள ஒரே ஒரு லைன்தான் போகுது சேச்சி. அதுல கரண்டு இருந்துச்சு, அதுல குடுத்தேன். டெஸ்ட் பண்ணிட்டுத்தான் போனேன். எனக்கு நல்ல ஓர்மை இருக்கு."

"அது எதுக்குப் போற லைனு?"

"அது நான் கேக்கலையே. லைட்டுக்கா இருக்கும்."

நடை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு லைனில் மின்சாரம் இருக்கிறது. பெட்டிக்கு இல்லை. ஃபியூஸ் போயிருக்குமோ என்று சாதியா கீழே இறங்கினாள். இக்ராம் பின்னாலேயே வந்தான்.

ஜலாலுதீன் தன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. தான் சொன்னதே நடந்துவிட்டது என்ற நிறைவும் இல்லை. பத்து நாள் சண்டையில் ஜெயிக்கப்போகிற மனிதரைப் போல அவர் தெரியவேயில்லை.

"அத்தா, போதுமுங்க" என்றான் இக்ராம். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். "அவங்கள அனுப்பி வெச்சிறலாம்."

"மணி என்ன?"

"ஒம்பதே முக்கா."

"ஏலம் பத்துக்கு."

ராபியா காலி வாளிகளோடு படியிறங்கி வந்தார். மாடியில் நடந்ததையெல்லாம் கேட்டிருந்தார். வாளிகளைக் கீழே வைத்துவிட்டு, இந்த நெட்டைப் பற்றித் தனக்கு எப்போதோ தெரியும் என்பதுபோலப் பேசினார்.

"காலைல மேட்டுப்பாளையத்து அக்காகூட மாடியில நின்னு பேசுனா அவ மொகம் அப்பிடித் தெளிவாத் தெரியுது. ஒம்பது மணிக்கு மேல பேச்ச இழுத்தம்னா பொசுக்குனு போயிருது. சாயங்காலம் தண்ணி விட்ட ஒடனே திரும்ப வந்துருது. சுடுதண்ணியாட்டத்தான் அதுவும்."

சாதியா அம்மாவைப் பார்த்தாள்.

"ஏம்மா, பத்து நாளா இத ஏன் சொல்லல?"

"என்னைய யாரு கேட்டீங்க?"

சாதியா மெதுவாக அத்தாவின் பக்கம் திரும்பினாள். அவருடைய நாற்காலிக்குப் பின்னால், கை எட்டும் உயரத்தில், அந்தக் கறுப்புச் சுவிட்ச் இருந்தது.

"அத்தா, ஒம்பது மணிக்குக் கீசர் சுவிட்சை அணைச்சீங்களா?"

"அணைக்காம என்ன? முப்பத்தோரு வருசமா நான் ஒரு நாளாவது…"

பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார்.

தட்டுக்குள் போகும் அந்த ஒரே லைன் அவர் போட்டது. லாட்ஜ் கட்டியபோது, கீசர்களுக்கென்று, தானே நின்று பார்த்துப் போட வைத்தது. ஜினோ வந்து சோதித்தது சுடுதண்ணீர் நேரத்தில். சாதியா தினமும் பார்த்ததும் சுடுதண்ணீர் நேரத்தில். பதினொரு மணிக்குப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பத்து நாளும் ஒரு நிமிடம் தவறாமல் தன் கையால் அணைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மாடிக்குப் போய், இணையம் இல்லை என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

ஜலாலுதீன் கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டார்.

ஒன்பது ஐம்பத்தொன்று.

"பெட்டி முழிச்சு வர நாலு நிமிசம் ஆகும்" என்றாள் சாதியா. மாடிக்கு ஓடி, அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்படி நால்வரிடமும் கேட்டுக்கொண்டாள். நடையில் நின்று மேல்தட்டைப் பார்த்தாள். பெட்டியில் ஒரு விளக்கு சிவப்பாக எரிந்தது. பிறகு மஞ்சள். அது நெடுநேரம் மஞ்சளாகவே இருந்ததுபோல அவளுக்குத் தோன்றியது.

கீழே இக்ராம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். லாட்ஜைக் குத்தகைக்கு விடவேண்டும் என்று இரண்டு மாதமாக வாதாடியவன், அந்த நேரத்தில் தன் கால் தாளம் போடுவதைத் தானே கவனித்து நிறுத்தினான்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்குத் தொலைபேசி அடித்தது. ஏழாம் எண். வந்துவிட்டது என்று சொல்லி வைத்தார். எட்டாம் எண்ணும் அடித்தது. பிறகு கருணாகரன்.

"பாய், வந்துருச்சுங்க. வெச்சிறட்டுமா, வேல இருக்குது."

பத்தாம் எண் அடிக்கவில்லை. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. ஜலாலுதீன் ரிசீவரின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஐம்பத்தெட்டுக்கு அடித்தபோது முதல் மணி முடிவதற்குள் எடுத்தார்.

"துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டனா, சார்ஜர் அடியில போயிருச்சுங்க பாய்" என்றார் தங்கமணி. "இப்ப உள்ள போயிட்டேன்."

ஏலம் பத்து மணிக்குத் தொடங்கியது. மாடியில் நான்கு கதவுகளும் சாத்தியிருந்தன. நடையில் மடிக்கணினிகளின் தட்டச்சுச் சத்தமும் எப்போதாவது ஒரு பெருமூச்சும் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

ஜலாலுதீன் ஒரு தாளில் தொடாதே என்று எழுதிச் சுவிட்சின் மேல் ஒட்டினார். அதைத் தொடுகிற ஒரே ஆள் தான்தான் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நாற்காலியைத் தூக்கி எதிர்ச்சுவர் பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

சுவிட்ச் போட்டிருந்ததால் சுடுதண்ணீரும் நிற்காமல் வந்தது. லாட்ஜின் வரலாற்றில் அப்படி ஒரு பகல் இருந்ததில்லை. ராபியா அதை வீணாக்கவில்லை. மழைக்காலம் முழுவதும் துவைக்க முடியாமல் கிடந்த கம்பளிகளைப் பன்னிரண்டாம் எண் குளியலறையில் ஊற வைத்தார். கரண்டு பில்லைப் பற்றிக் கணவர் ஏதாவது சொல்வாரோ என்று எட்டிப் பார்த்தார். அவர் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றே காலுக்குப் பத்தாம் எண் அறையில் மேசையை ஓங்கித் தட்டும் சத்தம் கேட்டது. சாதியா பதறி ஓடினாள். கதவைத் திறந்த தங்கமணியின் முகம் சிவந்திருந்தது.

"ஒண்ணுமில்ல கண்ணு. கோத்தகிரிப் பக்கத்துத் தூளு ஒண்ணு, எங்கூரு டீக்கடைக்கே செஞ்சாப்புல நெறம். நேத்தே ருசி பாத்து வெச்சிருந்தேன். எவனோ ஒருத்தன் நான் ஒரு ரூவா ஏத்துனா அவனும் ஒரு ரூவா ஏத்தறான். விடவே மாட்டங்கறான். கடைசில நாந்தான் எடுத்தேன்."

கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

பன்னிரண்டு மணிக்கு மழையில் நனைந்துகொண்டு வசந்த்குமார் வந்தார். பெங்களூர் கம்பெனியின் ஆள். நீலகிரியில் அந்தக் கம்பெனி ஏற்கெனவே பதினான்கு சின்ன லாட்ஜுகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. சேறான கையைக் கழுவப் போனவர் ஆச்சரியத்தோடு திரும்பி வந்தார்.

"நட்டநடுப் பகல்ல சுடுதண்ணி விடறீங்க. எங்க லாட்ஜுலயே கெடையாதுங்க."

இக்ராம் பையைத் திறக்கவில்லை. ஜலாலுதீன்தான் பேசினார். ஒரு மணிக்கு ஏலம் முடிகிறது, அதுவரை கையெழுத்தும் கிடையாது, முடியாது என்று சொல்வதும் கிடையாது, டீ சாப்பிடுங்கள் என்றார். டீயை இக்ராம் கொண்டு வந்தான். பிறகு யாரும் கேட்காமலே இன்னொரு தட்டில் நான்கு டம்ளர் எடுத்துக்கொண்டு மாடியேறினான். ஒவ்வொரு கதவையும் ஒரு விரலால் தட்டி, திரை இருக்கும் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தான்.

ஒரு மணி அடித்து நான்கு நிமிடத்தில் மாடிக் கதவுகள் திறந்தன. இடையில் ஒரு நொடிகூட அறுபடவில்லை.

முதலில் இறங்கி வந்தவர் கருணாகரன். நல்ல சரக்கு கிடைத்ததாகவும், ஒன்றே ஒன்று மட்டும் கைநழுவிவிட்டதாகவும் சொன்னார்.

"கோத்தகிரிப் பக்கத்துத் தூளுங்க பாய். வேற எங்கயோ உக்காந்துக்கிட்டு எவனோ ஒருத்தன் விடாப்புடியா ஏத்தறான். எனக்கு அதுக்கு மேல தாங்கலைங்க, விட்டுட்டேன்."

பின்னால் இறங்கிக்கொண்டிருந்த தங்கமணி பாதிப் படியில் நின்றார்.

"அந்த எவனோ ஒருத்தன் நீங்கதானா?"

"அப்ப அது நீங்களா?"

ஒன்பதும் பத்தும் அடுத்தடுத்த அறைகள். நடுவில் இருந்தது அந்த இரண்டடிக் கருங்கல் சுவர் மட்டும்தான். கருணாகரன் அந்தப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"செவுத்தத் தட்டியிருந்தா நாலு ரூவா மிச்சமாயிருக்குமே அம்மணி."

"தட்டியிருந்தா நீங்க ஏத்தியிருப்பீங்க."

அடுத்த வாரத்துக்கும் தங்கள் அறைகள் வேண்டும் என்று நால்வரும் சொன்னார்கள். தங்கமணி ஒருபடி மேலே போய், தங்கள் வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே செய்தி போட்டுவிட்டதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமையும் ஏலம் உண்டு; நாளைய ஏலத்துக்கு மூன்று பேர் இன்று சாயங்காலமே வருகிறார்கள். மாடியில் மீதியிருக்கும் இரண்டு அறை அவர்களுக்குப் போதாது.

வசந்த்குமார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மாடியில் எத்தனையோ முறை இணையம் போய்விடுகிறது என்று இக்ராம் தன்னிடம் சொன்னதாகவும், இப்போது இவ்வளவு நன்றாக ஓட என்ன கருவி மாற்றினீர்கள் என்றும் ஜலாலுதீனிடம் கேட்டார்.

பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம். கேட்டவர் வெளியாள். ஜலாலுதீன் எழுந்து நின்றார்.

"கருவி ஒண்ணும் மாத்தலைங்க. பத்து நாளா மாடியில நெட்டு இல்லைன்னு சொன்னவன் நான்தான். தெனமும் காலைல அத அணைச்சவனும் நான்தான்."

வசந்த்குமாருக்குப் புரியவில்லை. இக்ராமுக்குப் புரிந்தது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ராபியாவும் சிரித்தார். ஜலாலுதீன் மகளைப் பார்த்தார்.

"நீ சொன்னது சரிதான்" என்றார். சற்று நிறுத்திவிட்டு, "நான் பாத்ததும் சரிதான்" என்றார்.

"ரெண்டும் சரிதாங்க அத்தா."

இக்ராம் பையிலிருந்து குத்தகைப் பத்திரத்தை எடுத்து, வசந்த்குமாரின் கையில் திருப்பிக் கொடுத்தான். மன்னிக்க வேண்டும், நாங்களே நடத்துகிறோம் என்றான். பிறகு அத்தாவிடம் தாழ்ந்த குரலில், வியாழன் வெள்ளி இரண்டு நாளும் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வருகிறேன், அந்த இரண்டு நாளாவது நீங்கள் படியேறக் கூடாது என்றான். ஜலாலுதீன் யோசிக்கிறேன் என்றார். அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

வசந்த்குமார் பத்திரத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை. சாதியாவைப் பார்த்துப் பேசினார்.

"பதினாலு லாட்ஜுலயும் எங்களுக்கு இதே புகார்தான் மேடம். பெரிய ஆளுங்களக் கூட்டிட்டு வந்து பாத்தாச்சு, அவங்க கேக்கற வெலை எங்க அறை வாடகைக்குக் கட்டுபடி ஆகாது. நீங்க செஞ்சு குடுங்க. ஒரே ஒரு கண்டிசன். எங்களுக்கு மட்டும்தான் செய்யணும்."

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் குடை மடங்கியது. எதிர்வரிசையில் ஏழு அறை லாட்ஜ் வைத்திருக்கும் வேலாமணி உள்ளே வந்தார். ஏல வியாபாரிகள் இங்கே திரும்பி வந்துவிட்ட செய்தி தெருவுக்குள் பரவிவிட்டது. ஏழு அறைக்குத் தனியாக ஒரு லைன் வாங்கத் தன்னால் முடியாது என்றும், இந்தத் தெருவில் மூன்று நான்கு லாட்ஜ் சேர்ந்து ஒரே லைனைப் பிரித்துக்கொள்ள வழியுண்டா என்றும் கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு லாட்ஜ்காரர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வழியுண்டு. சாதியா அதை முன்பே மனதில் போட்டு வைத்திருந்தாள். கம்பிகள் எந்தக் கூரையிலிருந்து எந்தக் கூரைக்குப் போகவேண்டும் என்பதுவரை.

வசந்த்குமார் வேலாமணியைப் பார்த்தார். வேலாமணி வசந்த்குமாரின் கழுத்தில் தொங்கிய பளபளப்பான கம்பெனி அட்டையைப் பார்த்தார். சாதியா இருவரிடமும் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, தன் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். நாளைக்கும் லீவு வேண்டும் என்றாள்.

எதற்கு என்று மேலாளர் கேட்டார். நாளையும் ஏலம் இருக்கிறது என்றாள்.

"நீங்க இங்க வேல பாக்கறீங்களா, லாட்ஜுல பாக்கறீங்களாம்மா? திங்கக்கிழமை நேர்ல வந்து சொல்லீருங்க."

அவள் கைபேசியை வைத்தாள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் முழுதாக இருந்தது. ரிசப்ஷனில் அதற்குள் நான்கு பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.